போர்க்களம் கண்ட முனிவர்

நாடு காக்கும் பொருட்டு உயிர் கொடுத்தோருக்கு நடுகல் நாட்டி, பெயரும் பீடும் எழுதிப் போற்றியது நம் முன்னோர் மரபு. அதே முன்னோர், ஒரே மகனைப் போருக்கு அனுப்பிய தாயைப் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரையும், உலக மாந்தர் அனைவரையும் உறவாகக் கண்ட கணியன் பூங்குன்றனாரையும் புறநானூறு என்னும் ஒரே தொகையில் வைத்துக் காத்தனர். இருவருள் ஒருவரை விலக்க அவர்தம் உள்ளம் ஒப்பவில்லை.

தமிழகத்தின் எல்லைக்கு அப்பால் வாழும் நம் போன்றோரின் சங்கங்களில், படைப்பணி ஆற்றி ஓய்வு பெற்ற பெரியோரும் அவர்தம் குடும்பத்தாரும் இருத்தல் இயல்பு. 1962, 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளின் போர்கள் அவர்களுக்கு ஏட்டுச் செய்தி அல்ல. வாழ்ந்து கழித்த நாட்கள். நால்வர் கூடியிருந்து உரையாடும்போது, போரையும் நாட்டுப் பற்றையும் பற்றிய பேச்சு எழாமல் இராது. போரை ஐயுறுவோர் நாட்டன்பு இல்லாதவர் என்பர் ஒரு சாரார். போரைப் புகழ்வோர் போரைக் கண்ணால் காணாதவர் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் எண்ணிப் பார்க்கத்தக்க வாழ்வு ஒன்று உண்டு. வீரப் பதக்கம் அணிந்த படை அதிகாரியாய் வாழ்வைத் தொடங்கி, கொல்லாமை பேசிய முதியவராய் அதனை முடித்த ருஷ்யப் பேரறிஞர் லியோ டால்ஸ்டாயின் வாழ்வே அது. அவ்வாழ்வின் இப்பகுதியை மட்டும் ஈண்டு நினைவுகூர விழைகின்றோம்.

இளமையும் படைப்பணியும்

1828ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 9ஆம் நாள், துலா மாநிலத்தில் யாஸ்னயா பொல்யானா என்னும் பண்ணையில், பழங்குடிப் பிரபுக்கள் மரபில் டால்ஸ்டாய் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தாயை இழந்தார். ஒன்பதாம் வயதில் தந்தையை இழந்தார். கசான் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, பட்டம் பெறாமலே 1847இல் வெளியேறினார். சூதிலும் கேளிக்கையிலும் பொருளும் காலமும் கரைந்தன. செய்த பிழைகளை நாட்குறிப்பில் நாள்தோறும் எழுதிவைத்து வருந்துவதும், மறுநாள் அவற்றையே மீண்டும் செய்வதுமாக அவர் இளமை கழிந்தது.

1851இல் தமையன் நிக்கலாய் தாம் பணிபுரிந்த காகசஸ் மலைநாட்டுப் படைக்குத் திரும்பியபோது தம்பியும் உடன் சென்றார். அங்கே ருஷ்யப் பேரரசு செச்சென் முதலிய மலைக்குடிகளோடு நெடும்போர் நடத்திக்கொண்டிருந்தது. முதலில் விருப்பத் தொண்டராகச் சென்ற டால்ஸ்டாய், 1852இல் பீரங்கிப் படையில் முறையாகச் சேர்ந்தார். படைவீட்டில் இருந்துகொண்டே ‘குழந்தைப் பருவம்’ என்னும் முதல் நூலை எழுதினார். அது அவ்வாண்டிலேயே தலைநகரத்து இதழ் ஒன்றில் வெளிவந்து புகழ் ஈட்டியது. அடுத்து எழுதிய ‘திடீர்த் தாக்குதல்’ என்னும் கதையில், மலைக்குடியினரின் ஊர் ஒன்று அழிக்கப்படும் காட்சியைத் தாம் கண்டவாறே தீட்டினார். வீரம் என்பது யாது, மாந்தர் எதற்காகக் கொல்கின்றனர் என்னும் வினாக்கள் இருபத்து நான்கு வயதிலேயே அவருள் எழுந்துவிட்டன. ஆயினும் அவர் படையை விட்டு நீங்கவில்லை. அதிகாரிப் பதவி பெற்று 1854இல் தான்யூப் ஆற்றுப் படையோடு சென்று, சிலிஸ்திரா முற்றுகையைக் கண்டார்.

செவஸ்தபோல்

1853இல் துருக்கியோடு மூண்ட போரில் மறு ஆண்டு இங்கிலாந்தும் பிரான்சும் ருஷ்யாவுக்கு எதிராக இறங்கின. கருங்கடற்கரையில், கிரைமியத் தீவக்குறையிலுள்ள செவஸ்தபோல் துறைமுகத்தை அவை முற்றுகையிட்டன. டால்ஸ்டாய் தாமே வேண்டி அப்போர்முனைக்கு மாற்றம் பெற்றார். அவரை அங்கே ஈர்த்தது நாட்டுப் பற்றே என்பதில் ஐயமில்லை. 1854 நவம்பரில் நகருள் நுழைந்த அவர், சிப்பாய்களும் கப்பல் மாலுமிகளும் நகரப் பெண்டிரும் காட்டிய உறுதி கண்டு உள்ளம் நெகிழ்ந்தார்.

1855 ஏப்ரல், மே மாதங்களில் நான்காம் கொத்தளத்தில் அவருக்குப் பணி கிட்டியது. பகைவர் வரிசைக்கு மிக நெருக்கமான, நகரில் யாவரும் அஞ்சிய இடம் அது. முறை வைத்து நாட்கணக்கில் அங்கே தங்கினார். குண்டுகள் விழும் ஓசைக்கு நடுவே எழுதவும் செய்தார். அவ்வாறு எழுந்தவையே செவஸ்தபோல் கதைகள். முதற்கதை நகரத்தாரின் வீரத்தைப் பாடியது. புதிய பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தர் அதனை விரும்பிப் படித்தார் என்பர். இரண்டாம் கதையோ வேறு வகையினது. பதவி உயர்வும் பதக்கமும் வேண்டிப் போரை விரும்பும் அதிகாரிகளின் வீண்பெருமையை அது திறந்து காட்டியது; தன் கதைக்குத் தலைவன் உண்மை ஒன்றே என்று முடிந்தது. தணிக்கையாளர் அதனை வெட்டிச் சிதைத்தே வெளியிட்டனர். ஐந்து மாத காலத்தில், ஒரே முற்றுகைக்குள் இருந்து, ஒரே கை எழுதியவை இவ்விரண்டும் என்பதை நாம் கருதுதல் வேண்டும். வீரரைப் போற்றுவதற்கும் போரின் பொய்யை வெறுப்பதற்கும் ஒரே நெஞ்சில் அன்றே இடமிருந்தது.

349 நாள் நீண்ட முற்றுகை 1855 செப்டம்பரில் முடிந்தது. மலக்கோவ் குன்று பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது; ருஷ்யர் நகருக்குத் தீயிட்டுவிட்டுப் பின்வாங்கினர். அந்நாள் டால்ஸ்டாயின் இருபத்தேழாம் பிறந்த நாள். எரியும் நகரையும், தம் கொத்தளங்களின்மீது பறந்த பிரெஞ்சுக் கொடிகளையும் கண்டு தாம் கண்ணீர் விட்டதை, தம்மை வளர்த்த அத்தைக்கு எழுதிய கடிதத்தில் அவர் தெரிவித்தார். இக்கண்ணீரை நாம் மறத்தலாகாது. ஐம்பது ஆண்டு கழித்து இது மீண்டும் நம்முன் வரும்.

போர் முடிந்தபின் அவருக்கு ஒரு பணி இடப்பட்டது. இறுதிப் போரில் பீரங்கிப் படையின் செயல்களைப் பற்றி இருபதுக்கு மேற்பட்ட அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளை ஒன்றாகத் தொகுத்தல் வேண்டும். அவற்றைப் படித்தபோது, மேலிடத்தின் ஆணைப்படி, தாம் காணாதவற்றையும் அறியாதவற்றையும் ஒவ்வொருவரும் எழுதியிருத்தலைக் கண்டார். போரைப் பற்றி ஊரார் அறியும் செய்தி எவ்வாறு உருவாகின்றது என்பதை அன்று கண்கூடாக உணர்ந்தார். பின்னாளில் தம் பெருங்காவியத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில் இதனை நினைவுகூர்ந்தார்.

வீரத்துக்கெனத் தூய அன்னா விருதும், செவஸ்தபோல் காப்புக்கான பதக்கமும் பெற்ற அவர், 1856 நவம்பரில் படைப்பணியினின்றும் விலகினார்.

ஒரு சிப்பாய்க்காக

படையை விட்டு நீங்கிய பின்னும் படைவீரர் அவர் நெஞ்சை விட்டு நீங்கவில்லை. 1866இல் அவர் ஊருக்கு அருகே தங்கியிருந்த படையில், எழுத்தர் வேலை பார்த்த ஷபூனின் என்னும் சிப்பாய், தம் தலைமை அதிகாரியை அடித்துவிட்டார். குற்றத்துக்குரிய தண்டனை மரணம். அவருக்காகப் படைத்துறை நீதிமன்றத்தில் டால்ஸ்டாயே நின்று வாதாடினார். மனநிலை சரியில்லாதவர் எனக் காட்ட முயன்றார். நீதிபதிகள் மூவருள் இருவர் மரண தண்டனை விதித்தனர். அரண்மனையில் செல்வாக்குள்ள உறவினர் ஒருவர் வழியாகப் பேரரசரிடம் மன்னிப்புக்கு முயன்றார். அவர் அனுப்பிய கடிதத்தில் அச்சிப்பாய் சேர்ந்த படைப்பிரிவின் பெயர் விடுபட்டிருந்தது. அதனைக் காட்டியே அதிகாரிகள் முறையீட்டை நிறுத்திவிட்டனர். சிப்பாய் சுட்டுக் கொல்லப்பட்டார். தம் வாழ்வின் பெருநிகழ்ச்சிகளாக உலகம் கருதும் பலவற்றினும் இந்த ஒன்று தம்மை மிகுதியாக மாற்றியது என்று முதுமையில் அவர் எழுதினார். கட்டளைக்குப் பணியும் நல்ல மனிதரே கொலை செய்ய நேர்வதை அவர் அன்று அருகிருந்து கண்டார்.

அக்காலத்திலேயே ‘போரும் அமைதியும்’ உருவாகிக்கொண்டிருந்தது. 1867இல் போரோதினோ களத்துக்கே சென்று இரண்டு நாள் சுற்றிப் பார்த்து எழுதினார். 1812இல் நெப்போலியனை எதிர்த்துத் தாய்நாடு காத்த போர் அந்நூலின் பொருள். அதில் வீரம் உண்டு. பேரன்பு கொண்ட நாட்டுப் பற்றும் உண்டு. ஆயின் அவர் கண்ட வீரர், மார்பில் விருது மின்னும் தளபதியர் அல்லர். தூஷின் என்னும் எளிய பீரங்கி அதிகாரியைப் போன்றோர். போரில் எல்லாரையும் காத்துவிட்டு, போர் முடிந்தபின் மேலதிகாரிகள் முன்னே நாணி நிற்கின்றான் அத்தூஷின். செவஸ்தபோலில் பணி செய்தவர் ஒருவரே எழுதக் கூடிய பக்கங்கள் அவை.

பின்வந்த போர்கள்

1876இல் துருக்கிக்கு எதிராகச் செர்பியர் போர் தொடுத்தபோது ருஷ்யாவெங்கும் பேரார்வம் எழுந்தது. இதழ்கள் முரசு கொட்டின. தொண்டர்கள் இரயிலேறிச் சென்றனர். அப்போது ‘அன்னா கரீனினா’ ஓர் இதழில் தொடராக வந்துகொண்டிருந்தது. அதன் எட்டாம் பகுதியில், லெவின் என்னும் பாத்திரம் இந்த ஆர்வத்தை ஐயுறுகின்றது. மக்கள் எல்லாரும் போர் வேண்டுகின்றனர் என்று சொல்வோர் எந்த மக்களைக் கேட்டனர் என்று வினவுகின்றது. போருக்குத் தூண்டும் எழுத்தாளர்களை முன்னணிப் படையில் நிறுத்துதல் வேண்டும் என்னும் கருத்தைக் கதையிலே ஒரு முதியவர் எடுத்துக் காட்டுகின்றார். இதழாசிரியர் கத்கோவ் இப்பகுதியை வெளியிட மறுத்தார். டால்ஸ்டாய் பணியவில்லை, 1877இல் அதனைத் தம் செலவில் தனி நூலாக வெளியிட்டார். படைவீரராய் இருந்த ஒருவர் பின்வந்த போரின் முழக்கத்தை ஐயுற்றபோது, அவர் பேச்சை அடைக்க முயன்றவர் போர்முனைக்குச் செல்லாத இதழாசிரியரே.

1880ஐ ஒட்டி அவர் வாழ்வில் பெருமாற்றம் நேர்ந்தது. ஏசுவின் மலைச் சொற்பொழிவை வாழ்வின் சட்டமாகக் கொண்டு, தீமையை வன்முறையால் எதிர்த்தல் தகாது என்னும் முடிவுக்கு வந்தார். ருஷ்யாவில் 1874 முதல் கட்டாயப் படைச்சேவை நடைமுறையில் இருந்தது. அதனை எதிர்த்து ‘ஆண்டவன் அரசு உன்னுள்ளே’ என்னும் நூலை எழுதினார். நாட்டில் தடை செய்யப்பட்ட அந்நூல் 1894இல் வெளிநாட்டில் அச்சாயிற்று. 1893இல் ருஷ்யக் கடற்படை பிரான்சின் தூலோன் துறைமுகத்துக்குச் சென்றபோது நடந்த கோலாகலங்களைக் கண்டு, கிறித்தவமும் நாட்டுப் பற்றும் என்னும் பொருளில் ஒரு கட்டுரை வரைந்தார். நேற்றுவரை பகைவராய் இருந்தோரை இன்று தழுவச் சொல்வதும், நாளை மற்றொரு நாட்டாரைப் பகைக்கச் சொல்வதும் ஆள்வோரின் ஏவலே. உழுது உண்ணும் எளியோருக்கு இதில் பங்கில்லை என்பது அவர் கருத்து. 1900இல் நாட்டுப் பற்றையும் அரசையும் பற்றி மீண்டும் எழுதினார். பிற நாடுகளினும் தன் நாடே மேம்பட வேண்டும் என்னும் வேட்கை, ஒவ்வொரு நாட்டிலும் இருக்கும்வரை போர் ஒழியாது என்று வாதிட்டார்.

1895இல் காகசஸ் பகுதியில் வாழ்ந்த துகபோர் என்னும் சமயப் பிரிவினர் தம் ஆயுதங்களைத் தீயிட்டுப் படைச்சேவையை மறுத்தனர், கடுந்துன்பம் அடைந்தனர். அவர்களுள் 7,000க்கும் மேற்பட்டோர் 1899ஐ ஒட்டிக் கனடாவுக்குக் குடிபெயர்ந்தபோது, ‘புத்துயிர்ப்பு’ நாவலின் வருவாயை டால்ஸ்டாய் அவர்களுக்கு உதவினார்.

இவ்வளவும் பேசியவர் தம் பழைய படைத்தோழரை இகழ்ந்தாரா? இல்லை. 1889இல் செவஸ்தபோலில் பணியாற்றிய மற்றோர் அதிகாரியின் நினைவு நூலுக்கு முன்னுரை எழுதினார். பதினெட்டு, இருபது வயது இளைஞர் அங்கே பட்ட துயரையும் கொண்ட ஊக்கத்தையும் தம் நினைவாகவே எழுதி, எதற்காக அத்துணைப் பேர் மாண்டனர் என்னும் வினாவை நூலாசிரியர் எழுப்பாததையே குறையாகக் கண்டார். முதுமையில் காகசஸ் போரை மீண்டும் நினைந்து ‘ஹாஜி முராத்’ என்னும் கதையை எழுதினார். அதன் தலைவன் ருஷ்யர்க்குப் பகைவனாய் நின்ற மலைநாட்டு வீரன். ருஷ்யப் படை அழித்துச் சென்ற ஊருக்குத் திரும்பும் மக்களின் துயரத்தை அக்கதையில் காண்கின்றோம். இளமையில் தாம் நின்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று அதே போரை அவர் பார்த்தார். அந்நூல் அவர் மறைவுக்குப் பின்னரே, 1912இல், அச்சேறியது.

போர்ட் ஆர்தர்

1904இல் ருஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டது. எழுபத்தைந்து வயது முதியவரிடம், ருஷ்யாவின் பக்கமா, ஜப்பானின் பக்கமா என்று அமெரிக்கச் செய்தித்தாள் ஒன்று தந்தி வழியே கேட்டது. இரண்டின் பக்கமும் இல்லை. ஏமாற்றப்பட்டுப் போருக்கு அனுப்பப்படும் இருநாட்டு உழைப்பாளர் பக்கமே தாம் என்று விடை அனுப்பினார். அவ்வாண்டு ஜூனில் அவர் எழுதிய போரெதிர்ப்புக் கட்டுரை இலண்டன் ‘டைம்ஸ்’ இதழில் வந்தது. ஆகஸ்டில் ஜப்பானிலேயே, கொடோக்கு ஷூசுய் முதலியோர் நடத்திய ‘ஹெய்மின் ஷிம்புன்’ அதனை மொழிபெயர்த்து வெளியிட்டது. பகை நாட்டு அறிஞரின் குரலை, போர் நடக்கும்போதே, ஜப்பானியர் சிலர் தம் குரலாக ஏற்றனர். ஆனால் அவர் இல்லத்திலேயே நிலை வேறு. அவர் மகன் ஆந்திரேய் தாமே விரும்பிப் போருக்குச் சென்றார். ஒரு கூரையின் கீழ் இரு கொள்கை நிலவுதல் நம் வீடுகளுக்கு மட்டும் உரியதன்று.

1905ஆம் ஆண்டின் தொடக்கத்தில் போர்ட் ஆர்தர் கோட்டை ஜப்பானியரிடம் சரணடைந்த செய்தி எட்டியது. போரை முற்றும் வெறுத்த அம்முதியவர் நெஞ்சு நொந்தது. அவ்வளவு படையும் கருவியும் கைவசம் இருக்கச் சரணடைவதா, எம் காலத்தில் இவ்வாறு செய்திருக்க மாட்டோம் என்று உடனிருந்தோரிடம் அவர் மனம் பொறாது பேசினார். செவஸ்தபோலில் அழுத இளைஞன் ஐம்பது ஆண்டுக்குப் பின்னும் உள்ளே உயிரோடிருந்தான். இதனை அவர் மறைக்கவில்லை. இவ்வலியே நாட்டுப் பற்று. அதில் தாம் வளர்ந்தமையால் அதனின்றும் விடுபடவில்லை. தன்னலத்தினின்றும் குடும்பப் பற்றினின்றும் விடுபடாதது போன்றதே இதுவும். ஆயினும் இவற்றுக்குப் பணியாது இருக்கும் ஆற்றலை மேலான நெறி ஒன்றின் உணர்வு தமக்குத் தருகின்றது என்னும் கருத்துப்பட நாட்குறிப்பில் எழுதிவைத்தார்.

டால்ஸ்டாயின் வாழ்வில் நாம் பெரிதும் மதிக்கும் இடம் இதுவே. நாட்டன்பு தம்மிடம் இல்லையென அவர் நடிக்கவில்லை. இருக்கின்றது என்பதற்காகத் தம் அறிவை அதற்கு அடிமையாக்கவும் இல்லை. தோல்விச் செய்தி கேட்டு நோகும் நெஞ்சும், வெற்றியின் விலையைக் கணக்கிடும் அறிவும் ஒருவரிடமே இருத்தல் கூடும் என்பதற்கு அவர் சான்று.

தமிழரும் டால்ஸ்டாயும்

1908 டிசம்பரில், ஆயுதப் புரட்சியை நாடிய வங்க இளைஞர் தாரக்நாத் தாஸுக்கு அவர் விடையாக எழுதிய நெடுங்கடிதம் புகழ் பெற்றது. அதில் நம் திருக்குறளின் இன்னா செய்யாமை அதிகாரத்துக் குறட்பாக்கள் எடுத்தாளப்பட்டுள்ளன. வள்ளுவரின் சொல் இந்திய விடுதலைப் போரின் நெறி பற்றிய விவாதத்தில், ருஷ்யப் பெரியாரின் எழுத்து வாயிலாக நுழைந்தது நமக்குப் பெருமிதம் தருவது. அக்கடிதத்தைக் குசராத்தியில் பெயர்த்து வெளியிட்டவர் காந்தியடிகள். 1910இல் ஜோகன்னஸ்பர்க்கு அருகே காலன்பாக் அளித்த 1,100 ஏக்கர் நிலத்தில் சத்தியாக்கிரகிகளின் குடும்பங்களுக்காக அடிகள் அமைத்த குடியிருப்பு டால்ஸ்டாய் பெயரையே தாங்கியது. அங்கே வாழ்ந்தோருள் தமிழர் பலர். தாயகத்துக்கு அப்பால் வாழ்ந்த தமிழர், யாஸ்னயா பொல்யானாவின் கருத்தைத் தம் உடலுழைப்பால் நடத்திக் காட்டினர்.

காந்தியடிகளின் வழியும் ஒரே நேர்க்கோடாகச் செல்லவில்லை. 1899இல் போயர் போரில் காயமுற்றோரைச் சுமக்க அவர் திரட்டிய ஏறத்தாழ 1,100 பேர் கொண்ட படையில், ஒப்பந்தக் கூலிகளாய்ச் சென்ற தென்னாட்டவர் மிகுதி. 1918இல் கேடா மாவட்டத்தில் அவரே படைக்கு ஆள் சேர்க்க ஊர் ஊராய் நடந்தார். பெரியோருக்கும் இவ்வினா எளிதாய் இருந்ததில்லை.

இறுதி

1910 நவம்பரில் இல்லம் துறந்து புறப்பட்ட டால்ஸ்டாய், வழியில் நோயுற்று, அஸ்தாபவோ என்னும் சிறிய இரயில் நிலையத்தில் 20ஆம் நாள் உயிர் நீத்தார். யாஸ்னயா பொல்யானாக் காட்டில், ஓடைச் சரிவின் ஓரம் அவரை அடக்கம் செய்தனர். அவ்விடத்தில் பச்சைக் கோல் ஒன்று புதைந்துள்ளது, மாந்தர் எல்லாரும் சண்டையின்றி இன்புற்று வாழும் மறைபொருள் அதில் எழுதப்பட்டுள்ளது என்று சிறுவயதில் தமையன் நிக்கலாய் சொன்ன கதையை அவர் இறுதிவரை மறக்கவில்லை. கல்லும் இல்லை, சிலுவையும் இல்லை. புல் போர்த்த மண்மேடு ஒன்றே அங்கு உண்டு.

1941இல் ஜெர்மானியப் படை அப்பண்ணையைக் கைப்பற்றி ஆறு வாரம் தங்கியது. தம் படையில் இறந்தோரை அவர் சமாதியின் அருகே புதைத்தது; செல்லும்போது இல்லத்துக்குத் தீயிட்டது. ஊரார் தீயை அணைத்தனர். அவ்வாண்டுகளில், முற்றுகையுண்ட லெனின்கிராடு மக்கள் பசியிடையே ‘போரும் அமைதியும்’ படித்து உறுதி பெற்றனர். நாட்டுப் பற்றைக் கடிந்த பெரியாரின் நூல் நாடு காத்தோருக்குத் துணையாயிற்று. வலிய பேரரசு பிற நாட்டைப் பிடிப்பதும், பிடிபட்ட மக்கள் தம் வாயிலைக் காப்பதும் ஒன்றாமோ என்னும் வினாவுக்கு அவர் கொள்கை முழு விடை தந்ததாக நாம் சொல்லத் துணியோம். அவர் கதைகளோ அவ்வேறுபாட்டை அறிந்தே இருந்தன.

நம்மிடையே வாழும் முன்னாள் படைவீரருக்கு நாம் கடப்பாடு உடையோம். பாராட்டும் பொன்னாடையும் அக்கடப்பாட்டின் எளிய பகுதி. அவர்கள் கண்டதை அவர்கள் சொல்லக் கேட்பதே அரிய பகுதி. பெருமிதமாய்ச் சொன்னாலும், ஐயமாய்ச் சொன்னாலும், இரண்டும் கலந்து சொன்னாலும் பொறுமையோடு கேட்டல் வேண்டும். களத்தில் நின்றவர் பின்வந்த போரை வினவினால் அவரது பற்றைப் பழித்தலும் தகாது. அவர் தம் பணியைப் பெருமையோடு நினைத்தால் அவரது அறிவைப் பழித்தலும் தகாது. செவஸ்தபோல் பதக்கத்தையும் கொல்லாமை நெறியையும் ஒருங்கே தாங்கிய டால்ஸ்டாயின் வாழ்வு நமக்கு இதனையே உணர்த்துகின்றது. அப்பெருந்தகையின் நினைவு வாழ்க.